நான் நின்ற மூலை

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் எங்கள் வீடு. கீழ்ப்பகுதியில் குடியிருந்த சாக்ஸபோன் கலைஞர் நளினி, ஒவ்வோர் ஊருக்கும் ஓர் இசை என்று ஒரு ஜாஸ் ஆல்பம் தயாரித்துக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலைக்கான இசையை ஒருநாள் போட்டுக்காட்டினாள். கோயில் மணியை எதிர்பார்த்தேன். தவிப்புதான் கேட்டது. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும்.

"இன்னாம்மா இது? இங்க நிம்மதி தேடித்தானே எல்லாரும் வராங்க?" என்றேன் கடுப்பாக.

"எனக்குக் கேட்டது உங்க நடைதான் அங்கிள். மாடியில நடந்துட்டே இருக்கீங்க. ஒவ்வொரு வாட்டியும் ஒரே மூலையில நிக்கிறீங்க. அங்க என்ன இருக்கு?"

மாடியேறினேன். அந்த மூலையில் என் போன் சார்ஜில் கிடந்தது. என்னை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள்தான் முதலில் பேச வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

நானே அழைத்தேன். ரிங் போகப் போக நடந்தேன்.

"அப்பா?" என்றாள். நின்றுவிட்டேன்.

இப்போதும் அந்த இசை நிற்கும் இடத்திலெல்லாம் எனக்கு அவள் குரல்தான் கேட்கிறது.