பெரிய வாத்தியாரின் ஒருசந்தி

மதிய மணியடிக்கச் சுத்தியலைத் தூக்கிய தலைமையாசிரியர் ஞானதாஸ், அடிக்காமலே தாழ்வாரத்தில் குப்புற விழுந்தார். வாயிலிருந்து கறுப்பாக ரத்தம் வந்தது. தட்டோடு காத்திருந்த பிள்ளைகளுக்குக் கத்தக்கூட வரவில்லை. கத்தியது மதிய உணவு சமைக்கும் மூக்காயிதான்.

“சோலைமலை சார், ஓடியாங்க! பெரிய வாத்தியாரு விழுந்துட்டாரு!”

உதவி ஆசிரியர் சோலைமலை ஓடிவந்து பார்த்துவிட்டு, சித்தையன்கோட்டைச் சாலையில் போன வெங்காய லாரியை மறித்தார். மூட்டைகளுக்கு நடுவே, மூக்காயியின் மடியில் தலைவைத்துத்தான் ஞானதாஸ் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது 1962, ஆடி மாதம்.

வீடு திண்டுக்கல்லிலேயேதான். மனைவி செபஸ்தியம்மாள் செருப்புப் போட மறந்து வந்து சேர்ந்தாள். டாக்டர் அவளிடம், இரைப்பையில் புண் முற்றிக் கசிகிறது என்றார். “மத்தியானம் என்ன சாப்பிடுவார்?”

“பள்ளிக்கூடத்துச் சோறுதாங்க. அங்கேயே பொங்குறாங்கன்னு தூக்குச்சட்டிகூட வேண்டாம்னுட்டாரு.”

மூக்காயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன தாயி சொல்றீக? அவுக ஒருசந்தியில்ல? ஒருவேளைச் சோத்து விரதமில்ல?”

“ஒருசந்தியா? தபசுகாலம் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு! எங்களுக்கு நாப்பது நாளுதான் மூக்காயி.”

“எனக்கெப்படித் தெரியும்? நீங்க வேதக்காரங்க. ஏதோ பெரிய நேர்ச்சைன்னு நெனச்சேன். சந்தியில இருக்கவருக்குச் சோறு காட்டக் கூடாதுன்னு அந்தப் பக்கம் பானையைக்கூடத் திறக்க மாட்டேனே! சத்தம் போட்ட பிள்ளைகளைக்கூட அதட்டுவேனே!”

வீடு பள்ளிக்கூடத்தை நம்பியிருந்தது. பள்ளிக்கூடம் வேதத்தை நம்பியிருந்தது.

நடந்தது இதுதான். தபசுகாலத்தின் முதல் நாள் மூக்காயி சோறு கொண்டுவந்தபோது, “இன்னிக்கு எனக்கு ஒருசந்தி” என்று ஞானதாஸ் சொன்னார். அது உண்மை. நாற்பது நாளும் முடிந்து பாஸ்குத் திருநாளும் போனது. அவள் சோறு கொண்டுவரவில்லை, அவரும் கேட்கவில்லை. கோடை விடுமுறை கழித்துப் பள்ளி திறந்தபோதும் அப்படியே. காலையில் ஒரு வாய்க் காப்பியோடு பஸ் ஏறுகிறவர். ராத்திரி வீட்டில் உட்கார்ந்தால்தான் சோறு.

ஞானதாஸ் கண் விழித்ததும் செபஸ்தியம்மாள் கேட்டாள். “யாருக்கு நேர்ந்துக்கிட்டீங்க?”

“யாருக்கும் இல்லை.”

“பெறகு ஏன்?”

“அந்த வேளையில எவனும் அறைக்குள்ள வரமாட்டான். சந்தியில இருக்காருன்னு ஒதுங்கிப் போவாங்க. வேலை நல்லா ஓடுச்சு.” பிறகு சொன்னார்: “நான் பொய் சொல்லலை செபஸ்தி.”

“சொல்லலைதான். சாமி பேரால வயித்தை ஏமாத்திக்கிட்டிருந்தீங்க.”

அவர் முகம் வெளுத்தது. ரத்தம் வந்தபோதுகூட அவர் அப்படிப் பயந்ததில்லை. டாக்டர் வேறு உள்ளே வந்து, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அடுத்த தடவை இவ்வளவு தூரம் தூக்கிவர வேலையிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசியில் பள்ளிக்குத் திரும்பினார். முதல் நாளே மேசை நிறையக் காகிதம். மாற்றுச் சான்றிதழ் கேட்டுச் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு நெசவாளி வந்து நின்றார். மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஞானதாஸ் பேனாவைத் திறந்தார்.

மூக்காயி பானையை மூடிவிட்டு வாசலில் வந்து நின்றாள். “நீங்க வந்து உக்காந்தாத்தான் பிள்ளைகளுக்குக் கரண்டி எடுப்பேன்.”

“மூக்காயி! பிள்ளைகளைப் பட்டினி போடுவியா?”

“போடுவேன். ஒருத்தரைப் போட்டுப் பழகிட்டேன்ல.”

சோலைமலை எட்டிப்பார்த்தார். “சார், ஒண்ணாங்கிளாஸ் அழ ஆரம்பிச்சிருச்சு. மேல் விசாரணையெல்லாம் பெறகு வச்சுக்குங்க.”

ஞானதாஸ் எழுந்துபோய்ப் பிள்ளைகளின் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குழையவிட்ட சோறும் மோரும் வந்தன. முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். நெசவாளி பின்னாலேயே வந்து தூணோரம் நின்றார்.

“செத்த நேரம் இருங்க,” என்றார் ஞானதாஸ், வாயில் சோற்றோடு. “சாப்பிட்டு வாரேன்.”