சித்தி வாசித்த காற்று

1994 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், இட்லி தின்றேன், பள்ளிச் சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பத்து மணிக்குச் சித்தப்பா காற்றுமானியைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு, என்னை விட்டுவிட்டு.

சித்தப்பா இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். வெளுத்த துணி காயும் களத்தில், ஆடிக்காற்று தரையோடு வந்து புழுதியை ஏற்றியது. எந்தப் பக்கம் தடுப்புக் கட்டுவது என்று பார்க்க, முழங்கால் உயரக் கம்பியில் மூன்று கிண்ணங்கள் சுழலும் அந்தக் கருவியை முதலாளி வாங்கித் தந்திருந்தார். குனிந்தால் சித்தப்பாவுக்கு முதுகு வலிக்கும் என்பதால் எண்ணை வாசிப்பது நான். ஐந்தாம் வகுப்பில் வேறு எவளுக்கும் கிடைக்காத வேலை.

அன்று நான் அழுத அழுகையில் அப்பா என்னையும் அவரோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கம்பெனி வாடகைக்கு எடுக்கப்போவதாகச் சித்தப்பா சொன்ன இடம், சித்தியின் தாய்வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஆனியில் கல்யாணமாகி, ஆடி பிறந்ததும் தாய்வீட்டார் அழைத்துப்போன சித்தி, கருவியின் முன்னால், என் இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாலு" என்றாள். சித்தப்பா முதுகுவலியை மறந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "நாலேதான்" என்றார்.

கிண்ணங்கள் அசையவே இல்லை. சுற்றிலும் தென்னை அடர்த்தி. அதைச் சொன்னேன்.

"செத்த நேரம் பொறு ஏட்டி, வரும்" என்றார் சித்தப்பா. பொறுத்தேன். காற்று வரவில்லை. அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் காப்பி குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "சித்திக்கு வாசிக்கவே தெரியல. கிண்ணம் சுத்தல, நாலுங்காவ. ரெண்டு பேரும் அதையே பாத்துப் பாத்துச் சிரிக்காவ."

சித்தப்பாவின் அக்கா, என் அத்தை, தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அம்புட்டு நேரம் என்னத்தலே அளந்த?"

அம்மா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆடி முடியும்வரை கருவி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகக் கூடாது என்றார். சித்தப்பா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக வாசித்த சித்திக்குச் சரியான தண்டனை என்று எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சித்தப்பாவோடு களத்துக்குப் போனேன். புழுதி பறந்தது, கிண்ணங்கள் பிய்த்துக்கொண்டு சுழன்றன. உரக்க வாசித்தேன். சித்தப்பா வேறெங்கோ பார்த்தபடி நின்றார். நான் சொன்ன எண் சரியா என்று அவர் கேட்கக்கூட இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.