ரேடியேட்டர் தண்ணீரும் உப்பில்லாத கஞ்சியும்

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அக்கரைப்பற்றுக்குப் போய் வருவதற்குள் இஞ்சின் கொதித்துவிடும். ரேடியேட்டரைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவோம் என்று ஒரு நோன்பு நாளில் முற்றத்தில் இறங்கினேன்.

அதற்கு முந்தைய நாள்தான் என் மனைவி நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்க்கையில், துப்பாமல் மறதியாக விழுங்கியிருந்தாள். "மறதியா, பசியா?" என்று பிள்ளைகள் முன்னால் சிரித்தேன். அவள் அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தேன். துரு அடைத்திருந்ததால் தண்ணீர் வரவில்லை. ஒரு ரப்பர் குழாயைச் செருகி, வழக்கம்போல வாயால் உறிஞ்சினேன். அடைப்பு விட்டதும் துருத் தண்ணீர் வாய் நிறைய வந்தது. பாதி உள்ளே போன பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது. நிமிர்ந்தால், கிணற்றடியில் அவள் நிற்கிறாள்.

நன்றாக வாங்கிக் கட்டப் போகிறேன் என்று நினைத்தேன்.

"வாய வடிவாக் கொப்புளிங்க. மறந்துதானே குடிச்சிங்க, நோன்பு முறியல்ல," என்றாள். ரேடியேட்டரில் தண்ணீர் தெளிந்து ஓடும் வரை அவளே வாளி வாளியாக அள்ளித் தந்தாள்.

பொழுது பட்டு, மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கஞ்சியைக் குடித்தேன். உப்பே இல்லை. என் சிரிப்புக்குப் பயந்து அவள் ருசி பார்க்கவேயில்லை. அப்படியே இரண்டு கோப்பை குடித்தேன்.

மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், இப்போது நம்பிவிடுகிறேன். அன்றைக்கு மறுநாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் கஞ்சி காய்ச்சும் குசினிக்குப் போய், "உப்பப் பாரு புள்ள," என்றேன்.