குளிரில் மறைந்த எழுத்துகள்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுதும் அண்ணி என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். என் நாத்தனார் மாதிரி ஒருத்தி அவர்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போயிற்று. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அடுத்த அறையில் அழும் குழந்தையை என்ன செய்வது? டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், கணவர் ஆபீஸ் போய்விட்டால் நானும் கைக்குழந்தையும் மட்டும்தான். இரண்டு மூன்று வருஷம் திருச்சியில் வைத்து வளர்த்துத் தருகிறேன் என்று மாமியார் கணவரிடம் போனில் சொன்னார். அவரும் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

நாத்தனார் கரோல் பாகில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, எலெக்ட்ரானிக் கருவிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தாள். லீவு நாளிலும் மைக்ரோகண்ட்ரோலர் சிப், ஒயர் என்று எதையாவது குடைந்துகொண்டிருப்பாள். மாமனார் வேலை பார்த்த டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒரு மே மாதம் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டில் எந்தச் சத்தம் வந்தாலும் அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். என்ன சத்தம் என்பதைக் கீழே இரண்டு வரித் திரை சொல்லும்: வாசல் மணி, குக்கர் விசில், பாப்பா. எல்லாம் ஆங்கில எழுத்தில். தொட்டில் பக்கம் ஒரு மைக் தொங்கியது. அன்றிலிருந்து குழந்தையை அனுப்பும் பேச்சு அடங்கியது.

டிசம்பர் வந்ததும் திரை காலை வாரிவிட்டது. காலையில் விளக்கு மட்டும் மினுக்கும், எழுத்து ஒன்றும் தெரியாது. ஒருநாள் பால்காரர்தான் மணி அடிக்கிறார் என்று வாசலுக்கு ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. தொட்டில் துணியில் கால் சிக்கிக் கதறிய குழந்தையைக் கணவர் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்து தூக்கினார். பொங்கல் முடிந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று மாமியார் டிக்கெட் எடுத்துவிட்டார்.

நாத்தனார் ஞாயிறுதோறும் வந்தாள். சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு வருகிறவளுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? அடுப்பை மூட்டுவேன், பால் காய்ச்சுவேன், அப்படியே தோசைக்கல்லையும் போடுவேன். அவள் சாப்பிட்டுவிட்டு டப்பாவைத் திறக்கும்போது எழுத்துகள் சமர்த்தாக நிற்கும். ஒயரை மாற்றினாள், புரோகிராமைப் புதிதாக ஏற்றினாள், பற்றவைத்த இடங்களை எல்லாம் மறுபடி பற்றவைத்தாள். திங்கட்கிழமை காலை திரை மறுபடி காலி. என் கணவர் காபிக்குச் சமையலறைப் பக்கம் வரும்போது எழுத்து வந்துவிட்டிருக்கும்; காதோடு கண்ணும் போய்விட்டதோ என்ற எண்ணம் அவர் முகத்தில் ஓடியது. உதட்டைப் படிக்கிறவளுக்கு முகத்தைப் படிக்கவா தெரியாது? அவள் மட்டும் ஒரு தடவைகூட 'நிஜமாவா அண்ணி' என்று கேட்கவில்லை. நான் சொன்னால் அது நடந்தது என்றே வைத்துக்கொண்டு தேடினாள். அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

ஒரு ஞாயிறு மூடுபனியில் பால் வரவில்லை. கறுப்புக் காபியை அவள் தொடமாட்டாள், அதனால் அடுப்பை மூட்டவில்லை. டப்பா முன்னால் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். திரை காலி. திரைக் கண்ணாடிக்கு அருகே வாயை வைத்து மூச்சை ஊதினாள். எழுத்துகள் மங்கலாக எழும்பி வந்தன. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, இத்தனை நாளா உங்க காபிதான் என்னை ஏமாத்திருக்கு."

விஷயம் இதுதான். அந்தத் திரை குளிரில் வெளுத்துப் போகும், சூட்டில் கறுக்கும். எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு குட்டித் திருகு உண்டு. மே மாத வெயிலில் அதைச் சரியாக வைத்து, அசையாமல் இருக்க என் நெயில் பாலிஷாலேயே ஒட்டி மூடியிருந்தாள். அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கமாம். இப்போது ஊக்கு முனையால் பாலிஷைச் சுரண்டித் திருகைத் திருப்பினாள்; எழுத்துகள் தெளிவாக வந்தன. விடவில்லை, அடுப்பை மூட்டச் சொன்னாள். சமையலறை சூடேறியதும் எழுத்துகளெல்லாம் கறுப்புக் கட்டங்களில் மூழ்கிப்போயின.

வேறொருத்தி என்றால் நடுவாக ஓரிடத்தில் வைத்து மறுபடி மூடியிருப்பாள். இவள் சுற்றும் முற்றும் பார்த்து, ஒரு பழைய ரேடியோவின் குமிழைக் கழற்றி, டப்பாவில் துளை போட்டு வெளிப்பக்கம் பொருத்தினாள்.

"அச்சா, இனிமே நீங்களே திருப்பிக்குங்க. இந்த கிச்சன் சூடு உங்களுக்குத்தான் தெரியும், எனக்கென்ன தெரியும்?"

செய்த பொருளின் பிடியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக எத்தனை பேருக்கு மனசு வரும்?

பொங்கல் கழித்து மாமியார் வந்தார். நான் போகிற வருகிற இடமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் தொட்டிலுக்கு நாலடி தள்ளிக் கட்டிலில் படுத்திருந்தார். சமையலறையில் விளக்கு மினுக்கியது. குமிழை ஒரு நூல் திருப்பினேன். பாப்பா. நான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கியபோது, அவர் எழுந்து உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பை விட்டுவிட்டு மறுபடி காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நான் மட்டும் போறேம்மா. குழந்தை உன்கிட்டயே இருக்கட்டும்."

இன்னொரு தடவை சொல்லுங்கள் அத்தை என்றேன். முதல் தடவையே சரியாகத்தான் படித்திருந்தேன். அந்த உதடுகள் அதைச் சொல்வதை மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது.