வெண்கலம் கல்லூரிக்குப் போன நாள்

எங்கள் நீதிமன்றத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் நின்று உரக்கக் கூப்பிடும் டவாலி வேலை அவருக்கு. ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை நடைகூடத்துக்கு, இரண்டாவது படிக்கட்டுக்கு, மூன்றாவது வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு என்று அவரே சொல்வார். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் கதவுப் பக்கம் திரும்பி, "ஆள் இல்லைங்க" என்பார். உள்ளே எழுதிக்கொள்வார்கள். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

நான் வாசலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி மேஜை போட்டு மனு தட்டச்சு செய்கிறவள். என் வாய்க்குப் பயந்து வக்கீல்களே சுற்றிக்கொண்டு போவார்கள். வெண்கலம் மட்டும் மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருவார். அவருக்கு நான் தங்கச்சி, எனக்கு அவர் அண்ணன். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. காலையெல்லாம் கத்திய தொண்டைக்கு ஓய்வு கொடுத்தபடி மெதுவாகச் சாப்பிடுவார். அண்ணி இறந்த பிறகு அவரே பொங்கித் தின்பதுதான். ஒரு நாள் உப்பு இருக்கும், ஒரு நாள் இருக்காது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். பெற்ற தகப்பனிடம் கேட்க வேறு கேள்வியே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் அவனை விட்டுக்கொடுக்க மாட்டார். வேலை அதிகம் பாவம் என்பார்.

அவர் குடியிருக்கும் மாடி அறைக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், தெருவைப் பார்த்த ஜன்னல். ஒரு நாற்காலியில் மடித்த துணி அடுக்கியிருந்தது. நான் உட்கார வேண்டுமே என்று அவசரமாக எடுத்தார். எடுத்த துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல், நான் கிளம்பும் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே நின்று பேசினார். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது.

ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "தங்கச்சி, நான் படிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"என்ன, ஜோசியமா?"

"குற்றவியல் நீதின்னு ஒரு பட்டப்படிப்பு. பல்கலைக்கழகத்துல சாயங்கால வகுப்பு வெச்சிருக்காங்க. பள்ளிக்கூடம் முடிச்சிருந்தாப் போதும், வயசு ஒரு தடையில்லையாம்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

"நான் கூப்பிடறேன், அவங்க உள்ள போறாங்க. நான் வெளியில பார்த்து நிக்கிறவன். முதுகுக்குப் பின்னாடி நடக்கறதை முழுசாக் கேட்டதே இல்ல. அப்புறம் வேன்ல ஏத்திட்டுப் போறாங்க. எங்க போறாங்க, அங்க என்ன பண்றாங்க, வெளிய வந்தா யாரு சேர்த்துக்கறாங்க? இத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன், ஒருத்தர் கதையும் முடிவு வரைக்கும் தெரியாது."

அன்றிலிருந்து என் மேஜை அவருடைய திட்ட அலுவலகம் ஆயிற்று. முதல் வருஷம் காவல்துறை, சட்டம். இரண்டாம் வருஷம் நீதிமன்றம், சிறை. இதில் நீதிமன்றப் பாடத்தில் மட்டும் தேறிவிடுவேன் என்று நம்பிக்கையாகச் சொன்னார். எந்த பஸ்ஸைப் பிடித்தால் வகுப்புக்கு நேரத்துக்குப் போகலாம், இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே செய்து வைத்தால் கெட்டுப்போகுமா என்பதெல்லாம் விவாதத்துக்கு வந்தது. சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டபோது தலைமை எழுத்தர், "படிச்சு முடிச்சு எங்களையெல்லாம் உள்ள தள்ளப் போறியாக்கும்" என்றாராம். ஆனால் சரி என்றுவிட்டார். மகனிடம் சொன்னார். "இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்" என்றானாம். அதையும் வேலை அதிகம் என்ற கணக்கிலேயே எழுதிவிட்டார்.

கடைசி வருஷத்தில் சிறப்புப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறை நிர்வாகமா, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பாடமா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். இன்னும் சீட்டே கிடைக்கவில்லை, அதற்குள் கடைசி வருஷத்துக்கு என்ன அவசரம் என்று அதட்டினேன். பாதிக்கப்பட்டவர்கள்தான் என்று ஒரு நாள் முடிவு செய்துகொண்டு வந்தார்.

"ஒரு கொலை கேஸ் நடந்துச்சே, செத்துப்போன பையனோட அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சுல உக்காருவாங்க, ஞாபகம் இருக்கா? அவங்க சாட்சியும் இல்ல, மனுதாரரும் இல்ல. அதனால அவங்க பேரை நான் கூப்பிட்டதே இல்ல. தீர்ப்பு சொன்ன அன்னிக்கு என்கிட்ட வந்து, 'என்னைக் கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்லையேப்பா'ன்னாங்க."

நான் மிஷினில் காகிதத்தைச் செருகுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

விண்ணப்பத்தைத் தன் கைப்பட எழுதி அனுப்பிவிட்டார். ஊருக்கே தட்டித் தருகிற என்னிடம் காட்டவில்லையே என்று நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் துணைக்கு வரச்சொன்னார். கோபத்தை ஒத்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பல்கலைக்கழகத்தின் மாடியில் நீளமான நடைகூடம். சுவரோரம் பெஞ்சு, மூடிய கதவு, மடியில் கோப்போடு ஆட்கள், கதவருகே பெயர் கூப்பிட ஓர் உதவியாளர். "நம்ம கோர்ட் மாதிரியே இருக்கு" என்று வெண்கலத்துக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உதவியாளருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் கூப்பிடுவது பக்கத்து பெஞ்சுக்கே எட்டவில்லை. வெண்கலத்தால் அதைத் தாங்க முடியவில்லை. "இப்படிக் கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்" என்று என் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மதிப்பெண் சான்றிதழுக்கு இன்னொரு நகல் வேண்டும் என்றார்கள். எழுந்தால் முறை போய்விடும் என்று அவரை உட்கார வைத்துவிட்டு நான் கீழே போனேன்.

கடைக்காரர் சுருட்டிக் கொடுத்த நகலோடு படியேறும்போது மேலேயிருந்து வெண்கலத்தின் குரல் கேட்டது. அப்பா பெயரோடு சேர்த்து ஒரு முழுப்பெயர். எனக்குத் தெரியாத பெயர். இந்த மனுஷனுக்கு வந்த இடத்திலும் வேலையை விட முடியாது என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை, படிக்கட்டுக்கு. யாரோ பாவம், வாசல்வரைக்கும் வந்துவிட்டு வாய்ப்பைக் கோட்டை விடுகிறான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கட்டடமே அதிர்ந்தது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் நடைகூடத்தின் முனையில் நிமிர்ந்து நின்று என்னைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஆள் இல்லைங்க."

உதவியாளர் நன்றியோடு தலையாட்டிக் குறித்துக்கொண்டு அடுத்த பெயரை முனகினார். ஒரு பெண் எழுந்து உள்ளே போனாள். வெண்கலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நீட்டிய நகலை வாங்கிப் பிரித்தார். அதில் இருந்த பெயரில் பார்வை நின்றது.

"தங்கச்சி," என்றார். "அது நான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உதவியாளரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். ஆள் இதோ கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிறார், எப்படி இல்லை என்று எழுதுவீர்கள் என்று கேட்டேன். "அவரேதானேம்மா சொன்னாரு" என்றார் அவர், கட்டிய தொண்டையோடு. சத்தம் கேட்டு வெளியே வந்த பேராசிரியை பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் வரவில்லை என்று பதிவானால் அடுத்த வருஷம்தான் என்றார். நான் விடுவதாக இல்லை. வெண்கலம்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடும்மா. மூணு தடவை கூப்பிட்டாச்சு. அதுக்கு மேல யாருக்காகவும் காத்திருக்கறதில்ல."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் அப்படியே இருந்தது. பாதி தூரம் வந்த பிறகு, "அம்மா போனதுக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல" என்றார். "உங்க அண்ணி என்னை 'ஏங்க'ம்பா. பையனுக்கு அப்பா. உனக்கு அண்ணன், மத்தவங்களுக்கு வெண்கலம். அந்தத் தம்பி வாயில அது வந்ததும், யாரோ கேஸுக்கு வந்த ஆளுன்னுதான் தோணிச்சு. அவர் வந்துடணுமேன்னு நெஜமாவே படிக்கட்டைப் பார்த்துட்டு நின்னேன்."

இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், எனக்கும் அன்றைக்குத்தான் அவர் பெயர் தெரியும்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கிறார். சிறப்புப் பாடத்தில் மாற்றமில்லை. அவர் காலையில் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது நான் அவர் பெயரைச் சொல்லி, பின்னால் ஓர் அண்ணனையும் சேர்த்துக் கூப்பிடுகிறேன். ஆரம்பத்தில் முதல் தடவைக்குக் கேட்காதவர் போலப் போவார். இரண்டாவதுக்கு வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துச் சுற்றுமுற்றும் தேடுவார். மூன்றாவதுக்குத்தான் என் பக்கம் திரும்புவார். வக்கீல்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதை நான் சட்டை செய்வதில்லை.

நேற்று இரண்டாவது தடவைக்கே திரும்பினார்.

"இருக்கேன் தங்கச்சி" என்றார்.