பௌர்ணமி நேரம் கேட்டவர்களைப் பின்னால் தள்ளினேன்

செங்கம் ரோட்டு விடுதி ஒன்றின் வலைத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று பௌர்ணமி. காலையிலேயே சர்வர் திணறியது.

பார்த்தால், வந்தவர்களில் பாதிப் பேர் அறை கேட்கவே இல்லை. கிரிவலத்துக்கு எப்போது கிளம்பலாம் என்று பௌர்ணமி நேரம் பார்க்க வந்தவர்கள். அறை கேட்டவர்கள் அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜாவாவில் பத்து வரி நிரல் எழுதினேன். அறை கேட்பவர் முன்னால், நேரம் கேட்பவர் பின்னால். அறைப் பதிவுகள் மளமளவென்று விழுந்தன. எனக்கு ஒரே பெருமை.

மதியம் விடுதி வரவேற்பிலிருந்து செல்வி அக்கா போன்.

"இன்னா தம்பி பண்ண? சைட்டு தொறக்கலனு அத்தன பேரும் எனக்கு போன் பண்ணி டைம் கேக்கறாங்க!"

"ரூம் கேக்கறவங்கள முன்னாடி வுட்டிருக்கேன்க்கா."

"ரூமெல்லாம் அப்பவே ஃபுல்லு. இல்லாத ரூமுக்கு எதுக்கு முன்வரிசை?"

அசடு வழிய வரிசையைத் திருப்பிப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் சர்வரும் அக்காவும் அமைதியானார்கள்.

"இப்ப சரியாயிடுச்சு. அப்புறம் தம்பி, போன் பண்ணி டைம் கேட்டவங்கள்ல உங்கம்மாவும் ஒருத்தங்க."

அம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறார். காலையிலிருந்து நானும் வீட்டில்தான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டு வரிசையில் உங்களுக்கு எத்தனையாவது இடம்?