நான் அடித்த நாலு வரி

போன மாதம் ஒரு பரீட்சை எழுதினேன். இந்த வயதில் பரீட்சையா என்று கேட்காதீர்கள். கை மட்டும்தான் என்னுடையது. பதில், மார்க், தலையெழுத்து எல்லாம் ஸ்டெல்லாவுடையது.

ஸ்டெல்லா எங்கள் லிங்கராஜபுரத்தில் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். பி.ஏ. இரண்டாம் வருடம். பிறவியிலேயே பார்வை கிடையாது. பாடங்களைப் போனில் கேட்டே படித்துவிடுவாள் — நமக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத வேகத்தில். பரீட்சைக்கு மட்டும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள்.

வழக்கமாக எழுதுகிற பெண்ணுக்குக் கல்யாணம். வந்ததோ தமிழ் இன்டர்னல் பரீட்சை. என்னிடம் வந்தாள்.

"அந்த சப்ஜெக்ட்ல டிகிரி வாங்கினவங்க எழுதக் கூடாது ஆன்ட்டி. எங்க காலேஜ் ரூல். நீங்க என்ன படிச்சீங்க?"

"பி.காம்."

"சூப்பர்! அப்போ உங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துடலாம்."

முப்பது வருடமாக வாராவாரம் தமிழில் எழுதுகிறேன்... கல்லூரிக் கணக்குப்படி எனக்குத் தமிழ் தெரியாது. இதைச் சில வாசகர்கள் ஏற்கெனவே கடிதம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் சொல்றத மட்டும் எழுதணும் ஆன்ட்டி. போன வாட்டி வந்த அக்கா, பாவம், நல்ல மனசுலதான் கொஞ்சம் அழகுபடுத்திட்டாங்க. லெக்சரர் 'இது உன் பதிலே இல்ல'ன்னு பேப்பரையே கேன்சல் பண்ணிட்டாரு. இந்த வாட்டியும் அப்படி ஆச்சுன்னா செமஸ்டர் எழுத விடமாட்டாங்க. வருஷமே போச்சு."

"சேச்சே... நான் அப்படியெல்லாம் செய்வேனா?" என்றேன்.

பரீட்சை அன்று எங்களுக்குத் தனி அறை, கூடுதல் நேரம், கண்காணிக்க ஒரு மேடம். ஸ்டெல்லா சொல்ல ஆரம்பித்தாள். நானோ பத்து வருடமாகப் போனில் கட்டைவிரலால் எழுதுகிறவள். அரை மணி நேரத்தில் கை மரத்துவிட்டது.

"ஆன்ட்டி, பேனா சத்தம் நின்னு போச்சே... தூங்கிட்டீங்களா?"

"கை வலிக்குதும்மா."

"மேடம், மாத்தாடபேடி!" என்று கண்காணிப்பாளர் கன்னடத்தில் அதட்டினார். பேசக் கூடாதாம். எனக்கா இப்படி ஓர் உத்தரவு? என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு மாலை போட்டிருப்பார்.

கடைசிக்கு முந்தைய கேள்வி, கட்டுரை. தலைப்பு — மழை நாள். ஸ்டெல்லா நிதானமாக இரண்டு பக்கம் சொல்லி, இப்படி முடித்தாள். "மழை வந்தால் முதலில் எங்கள் தகர ஷீட்டுக்குத் தெரியும். பிறகு எனக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளம் யார் கண்ணுக்கும் தெரியாது. அன்றைக்கு மட்டும் தெருவில் எல்லோரும் சமம்."

அவ்வளவுதானா? மழை என்றால் கருமேகம் வேண்டாமா? மயில் வேண்டாமா? எனக்குக் கை துறுதுறுத்தது. வலியெல்லாம் எங்கே போனதோ! மளமளவென்று நாலு வரி சேர்த்தேன்.

"ஆன்ட்டி... நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. பேனா ஏன் இன்னும் ஓடுது?"

மாட்டிக்கொண்டேன்.

"என்ன எழுதினீங்க? படிங்க."

படித்தேன், திருடி மாதிரி. "கார்மேகங்கள் திரண்டன. மயில்கள் தோகை விரித்தன. ஏழு வண்ண வானவில்..."

"வானவில்லா? நான் எப்ப ஆன்ட்டி வானவில்லப் பார்த்தேன்?"

நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயம். என் அரிப்புக்கு இந்தப் பெண்ணின் ஒரு வருடம் போய்விட்டால்?

"அடிங்க," என்றாள். அடித்தேன். நாலு வரியையும். மயிலோடு சேர்த்து. அடித்து முடித்தபோது பத்து நிமிடம்தான் மிச்சம். கடைசிக் கேள்வியை அவள் ரயில் வேகத்தில் சொல்ல, நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

கண் தெரிகிற நாம் உதவிக்குப் போகும்போதெல்லாம் இப்படித்தான் கூடவே ஒரு திருத்தப் பேனாவையும் எடுத்துப் போகிறோம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைக் கேட்காமலே கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்துவிட்டு, புண்ணியம் சேர்த்த திருப்தியோடு வீட்டுக்கு வருகிறோமே... அதே ரகம்தான் நான் செய்ததும்.

பேப்பர் திருத்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னும் வரலையா?" என்று தினமும் போய்க் கேட்டு, ஸ்டெல்லா வீட்டில் என்னைக் கண்டாலே காபி வைக்கத் தயங்கும் நிலைமை ஆகிவிட்டது.

போன வாரம் அவளே வந்தாள், பேப்பரோடு. கேன்சல் இல்லை! கட்டுரைக்கு இருபதுக்குப் பதினேழு. 'எல்லோரும் சமம்' பக்கத்தில் இரண்டு டிக்.

"நீங்க அடிச்ச இடத்துலயும் லெக்சரர் ஏதோ எழுதியிருக்காராம். ஃப்ரெண்ட்ஸ் சொல்லாம சிரிக்கிறாங்க. என்னன்னு படிங்க ஆன்ட்டி."

பார்த்தேன். சிவப்பு மையில் இரண்டே வார்த்தை.

"நீக்கியது நன்று."

இந்த முறை எதையும் அழகுபடுத்தாமல் அப்படியே படித்தேன்.